எந்தப் புல் ஆடினால் கத்துவது?

“‘சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் அந்த வேலையை நானே பார்த்துவிட்டுப் போவேன்.’ நேற்றும் இதைத்தான் சொன்னாய். முந்தாநாளும் இதைத்தான் சொன்னாய். இன்றைக்காவது புதிதாக ஏதாவது சொல்லேன், சாம்பி!”

ஒரு காட்டில், புல்வெளி ஓரத்து மருத மரத்தடியில், வெயில் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிட்ட சண்டை இது. கீழே நின்று கழுத்தை நீட்டிக் கத்தியவள் கொன்றை என்ற புள்ளிமான். மான்கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. மேலே, வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு, காது கேட்காதவள்போல் உட்கார்ந்திருந்தவள் சாம்பி என்ற மந்தி. அந்தக் கூட்டத்தின் காவல்காரி.

காவல் என்றால் சும்மா கிளையில் உட்கார்ந்து பழம் தின்பது இல்லை. மான்கள் தலையைக் குனிந்து மேயும்போது, தலையை நிமிர்த்திப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். புலியோ சிறுத்தையோ வந்தால் மந்தி மரத்திலிருந்து “கெக்! கெக்!” என்று கத்துவாள். மான்கள் ஓடிப் பிழைக்கும். பதிலுக்கு, மந்திகள் தண்ணீர் குடிக்க இறங்கும்போது மான்கள் மோப்பம் பிடித்துச் சொல்லும்.

சாம்பி வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. போன குளிர்காலம் முடிந்த பிறகுதான் வந்தாள். ஆனால் கெட்டிக்காரி. அவள் கத்தியது ஒரு தடவைகூடப் பொய்யானதில்லை. அதனால் கொஞ்சம் கர்வமும் வந்து சேர்ந்துவிட்டது.

“அக்கா, நானே புதுசு. எனக்கு எதற்கு ஒரு சிஷ்யை? கிழட்டு மந்தி யாரிடமாவது அனுப்புங்கள்” என்றாள் சாம்பி.

“அனுப்பிப் பார்த்துவிட்டேன். எதைக் கேட்டாலும் ‘போகப் போகத் தெரியும்’ என்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் என் தங்கையின் கூட்டத்துக்குக் காவலே இல்லை. அங்கே அனுப்ப ஓர் ஆளைப் பழக்கியாக வேண்டும். வாடைக்காற்று வேறு தொடங்கப்போகிறது. உனக்குத் தெரியாது, ஒவ்வொரு வாடைக்கும் சில குட்டிகள் போய்விடும். புல்லில் படுக்கவைத்துவிட்டு மேயப் போவோம். திரும்பி வந்தால் இருக்காது. சத்தம் இருக்காது, சுவடு இருக்காது. குளிர் தாங்காமல் எங்கேயோ எழுந்து போய் விழுந்துவிடும் போலிருக்கிறது. ‘வாடை கொண்டுபோயிற்று’ என்று சொல்லிக்கொண்டு அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.” கொன்றை புல்வெளிப் பக்கம் திரும்பினாள். “போன வருஷம் என்னுடையதும் போயிற்று. இந்த வருஷமும் ஒன்று பிறந்திருக்கிறது.”

அதற்கு மேல் சாம்பியால் வாயாட முடியவில்லை. “சரி, அனுப்புங்கள்” என்றாள், வேண்டா வெறுப்பாக.

வந்து சேர்ந்தவள் துருவி என்ற மலையணில். சாம்பியைவிட வயதில் மூத்தவள். அடர்ந்த வால், உருண்டைக் கண், ஓயாத வாய்.

“வணக்கம், வாத்தியாரம்மா!”

“வாத்தியாரம்மா என்று கூப்பிடாதே.”

“ஏன், வாத்தியாரம்மா?”

சாம்பி பல்லைக் கடித்துக்கொண்டாள். “பாடம் ஒன்றே ஒன்றுதான். இந்தக் கிளையில் உட்கார வேண்டும். கிழக்கே பார்க்க வேண்டும். புல் ஆடினால் கத்த வேண்டும். முடிந்தது.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

மறுநாள் காலை துருவியைக் கிளையில் உட்காரவைத்துவிட்டு, சாம்பி அத்திப்பழம் தின்னப் போனாள். ஒரு பழத்தை வாயில் வைத்ததும் “ட்ரிர்ர்ர்!” என்று சத்தம். மான்கள் தலைதெறிக்க ஓடின. புலியும் இல்லை, பூனையும் இல்லை. மான்கள் திரும்பி வந்து வாய் வைத்ததும் மறுபடி “ட்ரிர்ர்ர்!” மறுபடி ஓட்டம். உச்சி வெயிலுக்குள் மான்கள் ஓடியது அதிகம், மேய்ந்தது கொஞ்சம்.

“யாரடி அந்த அணில்? எங்கள் காலை ஒடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாளா?” என்று ஒரு கிழ மான் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டது.

சாம்பி ஒரே தாவில் மருதமரத்துக்கு வந்தாள். “அறிவிருக்கிறதா உனக்கு? எதற்குக் கத்தினாய்?”

“புல் ஆடியது.”

“காற்றடித்தால் ஆடாமல் என்ன செய்யும்?”

“நீதானே சொன்னாய், புல் ஆடினால் கத்து என்று? காற்றில் ஆடினால் கத்தாதே என்று சொன்னாயா?”

“அதையெல்லாமா ஒருத்தி வாய்விட்டுச் சொல்வாள்? எந்தப் புல் ஆடுகிறது என்று பார்க்க வேண்டாமா?”

“சரி, எந்தப் புல் ஆடினால் கத்துவது?” என்று கேட்டாள் துருவி. கிண்டலாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

சாம்பி வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. ‘எந்தப் புல்?’ அவளுக்குப் பார்த்தால் தெரியும். எப்படித் தெரிகிறது என்பதுதான் தெரியவில்லை.

“பார்த்தால் தெரியும்” என்றாள் கடைசியில்.

“அப்படியானால் கிழட்டு மந்தி சொல்வதற்கும் நீ சொல்வதற்கும் என்ன வித்தியாசம்?”

சுருக்கென்று தைத்தது. சாம்பி கிளை நுனிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். பழம் தின்னவும் போகவில்லை. புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதம் பார்த்த அதே புல்தான். ஆனால் இதுவரை புலியைத் தேடிப் பார்த்தாள். இன்றைக்குத்தான் புல்லைப் பார்த்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் அவளாகவே துருவியைக் கூப்பிட்டாள். “இங்கே வா. அதோ பார். காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. புல்லெல்லாம் கிழக்கே சாய்கிறது. அலை அலையாகக் கிழக்கே போகிறது. புலி வரும்போது ஒரே ஒரு கோடு மட்டும் எதிர்த்து வரும். எல்லாப் புல்லும் போகிற திசைக்கு எதிர்த்திசையில். அந்தக் கோட்டைப் பார்த்தால் கத்து.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இது தனக்குத் தெரியும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“அப்படிச் சொல்லு!” என்று துருவி வாலை ஆட்டினாள். ஆனால் அவள் அதோடு விடுகிற ஆளா? “புலி ஏன் காற்றை எதிர்த்து வருகிறது?”

“மானுக்கு மோப்பம் பிடிக்கத் தெரியுமே. காற்றோடு சேர்ந்து வந்தால் நாற்றம் முன்னால் போய் மானிடம் சொல்லிவிடும். எதிர்த்து வந்தால் தெரியாது. அதனால்தான் மேற்குக் காற்றுக் காலத்தில் புலி கிழக்கிலிருந்து வரும். அதனால்தான் நாம் கிழக்கே பார்க்கிறோம்.”

“ஓகோ. காற்று திசை மாறினால்?”

“மாறினால் என்ன? இந்தக் கிளைதான். கிழக்குதான். எனக்கு முன்னால் இருந்த காவல்காரிகள் எல்லோரும் இங்கேதான் உட்கார்ந்தார்கள். பார், அவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து கிளையே எப்படி வழுவழுவென்று இருக்கிறது.”

“அவர்கள் உட்கார்ந்தது இருக்கட்டும். வாடை அடித்தால் புலி எங்கிருந்து வரும், வாத்தியாரம்மா?”

“உன் வாயை மூடு. இன்றைய பாடம் முடிந்தது” என்றாள் சாம்பி.

துருவி வாயை மூடிக்கொண்டாள். கேள்வி மூடிக்கொள்ளவில்லை. சாம்பியின் தலைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

சில நாள் போயிற்று. ஒரு காலை சாம்பி கண் விழித்தபோது முதுகுமுடி சிலிர்த்தது. காற்று வடக்கிலிருந்து வந்தது. வாடை தொடங்கிவிட்டது. கீழே மான்கள் குட்டிகளைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டு மேய்ந்துகொண்டிருந்தன. கொன்றை தன் குட்டியைத் தெற்குப் பக்கம், மூங்கில் புதருக்கு அப்பால், காற்றுப் படாத இடமாகப் பார்த்துப் படுக்கவைத்திருந்தாள். குளிர் கொண்டுபோய்விடக் கூடாது என்று அவளுக்குப் பயம்.

சாம்பி வழக்கம்போல் கிழக்கே பார்த்தாள். ஒன்றுமில்லை. புல்லெல்லாம் தெற்கே சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

தெற்கே!

வடக்கிலிருந்து காற்று என்றால், எதிர்த்து வருகிறவன் தெற்கிலிருந்துதானே வருவான்? மானின் மூக்குக்கும் எட்டாது. மருதமரத்திலிருந்து தெற்கே மூங்கில் மறைக்கிறது, அதனால் காவலின் கண்ணுக்கும் எட்டாது. சத்தம் இல்லாமல், சுவடு இல்லாமல்...

“துருவி! இந்தக் கிளையை விட்டு நகராதே!” என்று கத்திவிட்டுச் சாம்பி பாய்ந்தாள். மருதிலிருந்து புங்கன், புங்கனிலிருந்து மூங்கிலுக்கு அப்பால் நின்ற இலுப்பை. எந்தக் காவல்காரியும் உட்காராத மரம். பட்டை சொரசொரவென்று கையைக் கீறியது. உச்சிக்கு ஏறித் தெற்கே பார்த்தாள்.

புல்லெல்லாம் தெற்கே போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு கோடு மட்டும் வடக்கே வந்துகொண்டிருந்தது. மெதுவாக, நின்று நின்று, கொன்றையின் குட்டி படுத்திருந்த இடத்தைப் பார்த்து.

“கெக்! கெக்! கெக்!”

தொண்டை கிழியக் கத்தினாள். மருதமரத்திலிருந்து துருவியும் “ட்ரிர்ர்ர்!” என்று சேர்ந்துகொண்டாள். குட்டி துள்ளி எழுந்தது. புல்லிலிருந்து ஒரு சிறுத்தை பாய்ந்தது. பாய்ந்த இடத்தில் குட்டி இல்லை. தாயின் குரல் வந்த பக்கம் காற்றாய்ப் பறந்துவிட்டது. மொத்தக் கூட்டமும் ஓடிப் பாறைமேட்டில் ஏறி நின்றது. பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் சிறுத்தை, அவமானப்பட்ட விருந்தாளிபோல், திரும்பிப் பார்க்காமல் நடந்து போயிற்று.

கொன்றை வெகுநேரம் குட்டியை நக்கிக்கொண்டே இருந்தாள். அப்புறம் தலையை நிமிர்த்தினாள்.

“அப்படியானால் வாடை கொண்டுபோகவில்லை” என்றாள் மெதுவாக.

“இல்லை, அக்கா.”

“போன வருஷமும்?”

சாம்பி தெற்கே திரும்பிப் பார்த்தாள். கொன்றையும் பார்த்தாள். கூட்டத்தில் எத்தனையோ தாய்மார்கள் நின்றிருந்தார்கள். எல்லாரும் அந்தப் பக்கமே பார்த்தார்கள்.

கிழ மான் கனைத்தது. “எப்படியடி தெரிந்தது உனக்கு? உனக்கு முன்னால் எத்தனை பேர் அந்த மரத்தில் குப்பை கொட்டினார்கள்!”

“எனக்குத் தெரியவில்லை, பாட்டி. இவள் கேட்டாள்” என்றாள் சாம்பி.

“நான் கேட்க மட்டும்தான் கேட்டேன். பதில் எனக்கும் தெரியாது” என்றாள் துருவி.

“பதில் சாம்பியிடம்தான் இருந்தது. அவளிடம் யாரும் இதுவரை கேட்கவில்லையே” என்றாள் கொன்றை.

வாடை முடியும்வரை காவல் இலுப்பை மரத்துக்கு மாறியது. ஒரு குட்டியும் போகவில்லை. காற்று மறுபடி மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கியபோது துருவிக்கு எல்லாம் பழகிவிட்டது. கிளம்ப வேண்டிய நாள் வந்தது.

“அங்கே போய் முதலில் என்ன செய்வாய்?” என்று கேட்டாள் சாம்பி.

“காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று பார்ப்பேன். அப்புறம் எந்த மரம் என்று முடிவு செய்வேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் எனக்கு ஒரு சிஷ்யை பிடிப்பேன். என்னைவிட வாயாடியாக.”

“உன்னைவிடவா? அப்படி ஒருத்தி பிறந்திருக்கிறாளா?”

இருவரும் சிரித்தார்கள். “வருகிறேன், வாத்தியாரம்மா” என்று சொல்லிவிட்டுத் துருவி கிளைக்குக் கிளை தாவி மலைப்பக்கம் மறைந்தாள்.

சாம்பி மறுபடி மருத மரத்தில் கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள். பக்கத்தில் யாருமில்லை. பார்த்ததையெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். ஏன் என்று கேட்க ஆளில்லாமல் எல்லாம் பாதியிலேயே நின்றுவிட்டது. புல்வெளியில் கொன்றையும் கூட்டமும் மேய்ந்துகொண்டிருந்தன. குட்டிகள் புல்லுக்குள் தூங்கின.

“அக்கா” என்று சாம்பி மேலிருந்து குரல் கொடுத்தாள். “அடுத்த ஆளை எப்போது அனுப்புவீர்கள்? சீக்கிரம் அனுப்புங்களேன்.”

கீழே ஒரு தலையும் நிமிரவில்லை. எல்லாரும் காவலை நம்பி நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தார்கள்.

நீதி: தொழிலுக்கு வந்த புதிதிலேயே இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்குங்கள், நமக்கு எது தெரியும், எது தெரியாது என்பது அப்போதுதான் நமக்கே விளங்கும்.