தோகை இல்லாத மயிலும் கை தூக்கிய சபையும்

முன்னொரு காலத்தில், கடலோரத்து நாடு ஒன்றைக் கொற்றவேள் என்ற மன்னர் ஆண்டு வந்தார். நாட்டின் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு மல்லுக்கு வருவார்கள். மன்னர் தங்கமானவர்தான். ஆனால் காதில் விழுந்த புதுச் சங்கதி எதுவானாலும் மறுநாளே செய்து பார்த்துவிட வேண்டும் அவருக்கு.

அவருடைய அவையில் தத்தன் என்றொரு விகடக்காரன் இருந்தான். மன்னருக்கு அவன் மேல் கொள்ளைப் பிரியம். அதனாலேயே அமைச்சர் பெருஞ்சேந்தனுக்கு அவனைக் கண்டால் வயிற்றெரிச்சல். மற்ற அவையினரும் அமைச்சர் தாளத்துக்கு ஆடுகிறவர்கள்.

ஒருநாள் மிளகு வாங்க வந்த எர்மோன் என்ற யவன வணிகன் மன்னரைக் காண வந்தான். பல ஆண்டுகள் நம் கரையில் வாணிபம் செய்ததால் தமிழ் நன்றாகப் பேசுவான்.

"உங்கள் நாட்டு ஆட்சி எப்படி?" என்று மன்னர் கேட்டார்.

"எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் தனி ஆட்சி, மன்னா. எங்கள் ஊரில், ஊர்க்காரர் எல்லாரும் குன்றின் மேல் கூடுவோம். போரா, சமாதானமா என்று கை தூக்கி முடிவு செய்வோம். அதிகக் கை எந்தப் பக்கமோ, அதுவே தீர்ப்பு."

"எல்லாரும் என்றால் பெண்களுமா?" என்று அரசி கேட்டார்.

எர்மோன் இருமினான். "அது... பெண்களும் அடிமைகளும் நீங்கலாக, அரசியாரே."

"அப்படியானால் பாதி ஊருக்குக் கையே இல்லை என்று சொல்லும்!" என்றார் அரசி.

மன்னர் காதில் அது எங்கே விழுந்தது? அவர்தான் ஆசனத்தை விட்டே எழுந்துவிட்டாரே! "நாளை நம் அவையிலும் கை தூக்குவோம்! யவன வழக்கம் எதுவோ, அது அப்படியே நடக்கும். இது என் வாக்கு!"

அமைச்சருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல ஆயிற்று. பக்கத்துப் புன்னையூர்த் தலைவன் சில நாட்களுக்கு முன்புதான் மன்னருக்கு ஒரு மயிலைப் பரிசாக அனுப்பியிருந்தான். அது தோகை உதிரும் காலம். மயில் வந்து சேர்ந்தபோது பின்பக்கம் மொட்டையாக இருந்தது, பாவம். அந்தப் புன்னையூரில்தான் தத்தன் தன் ஒரே மகள் மருதியைக் கட்டிக் கொடுத்திருந்தான். அவளுக்கு இது ஏழாம் மாதம். வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்கு அழைத்துவர அவன் நாள் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் எர்மோன் முன்னிலையில் சபை கூடியதும் அமைச்சர் எழுந்தார். "வேந்தே! தோகை இல்லாத மயிலை அனுப்பி, தங்களுக்கு மதிப்பில்லை என்று புன்னையூரான் சொல்லாமல் சொல்லியிருக்கிறான். இந்த அவமானத்தைப் பொறுக்கலாமா? போர் வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்!"

"அட, நம் அரண்மனைத் தோட்டத்து மயிலும் இப்போது மொட்டைதானே ஐயா!" என்றான் தத்தன்.

யாரும் கேட்கவில்லை. தலைகளைவிடக் கைகளே அதிகமாகத் தெரிந்தன. சிலர் இரண்டு கையையும் தூக்கியிருந்தார்கள். தத்தன் ஒருவன்தான் கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். தூக்கினால் மகள் வாழும் ஊர் எரியும். தூக்காவிட்டால் துரோகிப் பட்டம்.

அமைச்சர் காத்திருந்தது இதற்காகத்தானே! "பாருங்கள் அரசே! மகள் ஊர் என்பதால் இவன் எதிரிக்குப் பரிகிறான். இவனை நாடு கடத்த வேண்டும்!"

"ஆமாம், ஆமாம்!" என்று அவை கூவியது.

மன்னர் முகம் வாடிவிட்டது. "தத்தா, நீ என்ன சொல்கிறாய்?"

தத்தன் எழுந்து கைகூப்பினான். "சபை சொன்னால் சரிதான் அரசே. போர் நடக்கட்டும், நானும் போகிறேன். ஆனால் யவன வழக்கம் அப்படியே நடக்கும் என்பது தங்கள் வாக்கு. வழக்கத்தில் பாதிதான் முடிந்திருக்கிறது. மீதியையும் எர்மோனிடம் கேட்டுவிடலாமே? உங்கள் ஊரில் போருக்குக் கை தூக்கியவர்கள் அடுத்து என்ன செய்வார்கள், ஐயா?"

"இதென்ன கேள்வி?" என்றான் எர்மோன். "வீட்டுக்குப் போவார்கள். அவரவர் காசில் வாங்கிய கேடயத்தையும் ஈட்டியையும் எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். கை தூக்கியவன்தானே போருக்குப் போக வேண்டும்?"

அவையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருக்குக் கிரகம் சரியில்லை. கருவூலக்காரர் தமக்கு இரும்பைத் தொட்டாலே தும்மல் வரும் என்றார்.

"வாக்கு வாக்குதான்!" என்றார் மன்னர். "நாளைக் காலை பயிற்சி. இடத்தைத் தத்தனே பார்க்கட்டும்."

தத்தன் எர்மோனிடம் ஏதோ விசாரித்துவிட்டு, தாமரைக் குளத்தங்கரையைத் தேர்ந்தெடுத்தான். வரிசை நிற்கப்போகும் இடத்துக்கு வலப்பக்கம் குளம் இருந்தது.

காலையில் எர்மோன் அவர்களைத் தோளோடு தோள் ஒட்டி நிற்க வைத்தான். "கேடயம் இடக்கையில். அதில் பாதி உங்களை மறைக்கும், மீதிப் பாதி இடப்பக்கம் நிற்பவரை மறைக்கும். உங்கள் வலப்பக்கத்தைக் காப்பது பக்கத்து ஆளின் கேடயம். வலக்கோடி எங்கள் ஊரில் பெரிய கௌரவமான இடம்."

கௌரவம் என்ற சொல்லைக் கேட்டதும் அமைச்சர் ஓடிப்போய் வலக்கோடியில் நின்றுகொண்டார். நின்ற பிறகுதான் தம் வலப்பக்கம் மூட ஆளில்லை என்பது அவருக்கு உறைத்தது.

எதிரிப் படையாக மாட்டுக்காரர்கள் கூடை நிறையச் சாணி உருண்டைகளோடு நின்றார்கள்.

"சாமி, பெரிய மனுசங்க மேல நெசமாவே எறியலாமா?" என்று ஒருவன் தத்தனிடம் கேட்டான்.

"போருன்னா சும்மாவா? நல்லா எறியுங்கப்பா!"

முரசு முழங்கியது. முதல் உருண்டை அமைச்சரின் வலக்காதில் விழுந்தது. 'ஐயோ!' என்று அவர் வலப்பக்கம் ஒதுங்கினார். அவர் ஒதுங்கியதும் அடுத்தவருக்கு மறைப்புப் போயிற்று; அவரும் அமைச்சரின் கேடயத்தைத் துரத்திக்கொண்டு ஒதுங்கினார். அடுத்தவர் அவரைத் துரத்தினார். வரிசை முன்னால் ஓரடிகூடப் போகவில்லை. நண்டு மாதிரி வலப்பக்கமாகவே நகர்ந்து, நகர்ந்து, தொபுக்கடீர் என்று மொத்தமும் குளத்தில் இறங்கிவிட்டது!

எர்மோன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "எங்கள் வீரர்களும் இப்படி வலப்பக்கம் சாய்வார்கள், மன்னா. ஆனால் குளம் வரைக்கும் போனதில்லை!"

சேறும் பாசியுமாக அவையினர் கரையேறினார்கள். தத்தன் பணிவாகச் சொன்னான்: "அரசே, போர் என்றால் என்ன என்று இப்போது எல்லாரும் பார்த்துவிட்டார்கள். இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாமா?"

"போர் வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்!" என்றார் மன்னர்.

காதில் ஒட்டிய பாசியை எடுக்கக் கையை உயர்த்திய அமைச்சர், அதைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். வேறு ஒரு கையும் எழவில்லை.

மன்னருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நல்ல வழக்கமய்யா இது! மாதம்தோறும் சபை கூட்டலாம். சபை நடக்கும்போது உங்கள் ஊர் மன்னர் எங்கே உட்காருவார், எர்மோன்?"

எர்மோனை முந்திக்கொண்டு தத்தன் பதில் சொன்னான்: "அங்கே மன்னரே கிடையாதாம், அரசே. வேண்டுமானால் அடுத்த மாதம் அதற்கும் கை தூக்கச் சொல்லிப் பார்ப்போமா?"

மன்னரின் கை தானாகவே கிரீடத்தைத் தொட்டுப் பார்த்தது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் குளக்கரைக் கொக்குகள் பறந்தன. "போதுமடா, பிழைத்துப் போகிறேன்! என்ன பரிசு வேண்டும், கேள்."

தத்தன் மறுபடி கைகூப்பினான். "என் மகளை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும், அரசே. அது போதும்."

"அழைத்து வா. ஆனால் சபை புன்னையூருக்குப் படை அனுப்பத் தீர்மானித்ததே, அது வீணாகலாமா? அமைச்சரே, வரிசையில் நில்லும்! கேடயத்தைக் கையில் மாட்ட வேண்டாம், மல்லாத்திப் பிடியும்!"

தத்தன் பார்த்து வைத்த நல்ல நாளில் புன்னையூர் எல்லையில் ஒரு படை வந்து நின்றது. காவற்காரர்கள் பதறிப்போய் வேல்களைத் தூக்கினார்கள். ஆனால் வந்தவர்களின் கேடயங்களில் வளையலும் பூவும் பலகாரமும் குவிந்திருந்தன. பின்னால் மன்னரின் சொந்தப் பல்லக்கு வந்தது. வியர்த்து விறுவிறுக்க முதல் சீர்த்தட்டை ஏந்தி நின்றவர் அமைச்சர் பெருஞ்சேந்தன். மூட ஆளில்லாத அவருடைய வலப்பக்கத்தில் இப்போது தத்தன் நின்றான்.