தனியே வந்த தூதரின் பரிவாரம்

முன்னொரு காலத்தில், ஒரே கடலின் இரு கரைகளிலும் இரண்டு நாடுகள் இருந்தன. இக்கரை நாட்டைக் கனகவர்மர் என்னும் அரசர் ஆண்டு வந்தார். அவருடைய அவையில் விடங்கன் என்னும் விகடன் இருந்தான். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் தொழில். அவனைக் கண்டாலே முகம் சுளிப்பது தலைமை அமைச்சர் சோமதேவரின் வழக்கம்.

இரு கரைகளுக்கும் நடுவில் உள்ள கடலில் அடிக்கும் காற்றுக்கு எல்லை தெரியாது. புயலில் அகப்பட்ட இக்கரைப் படகு அக்கரையில் ஒதுங்கினால், படகோட்டிகளுக்கு விலங்கு பூட்டிச் சுண்ணாம்புக் காளவாயில் வேலைக்கு விடுவர். அக்கரைப் படகு இங்கே ஒதுங்கினால், அதில் வந்தவர்கள் உப்பளத்திற்குப் போவர். அந்த உப்பளங்கள் சோமதேவருடையவை.

ஒருநாள் அவையில் புலவர் ஒருவர், வருங்காலத்தைப் பற்றி விரிவாகப் பேசினார். "மன்னர் மன்னா, ஒரு காலம் வரும். அக்காலத்தில் வேற்று நாட்டான் என்னும் ஒரே காரணத்திற்காக எந்த மனிதனையும் எவரும் கட்ட மாட்டார்கள்" என்றார்.

அரசருக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துவிட்டது. "அக்காலத்தை நான் பார்க்க வேண்டும். அதை இந்த அவைக்குக் கொண்டு வாருங்கள்" என்றார்.

புலவர் விழித்தார். அவையோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். சோமதேவர் மட்டும் எழுந்து, மேலாடையைச் சரிசெய்துகொண்டார்.

"மன்னா, இது விடங்கனுக்கே உரிய பணி. அக்காலத்தைத் தேடிக் கொண்டுவர அவனை அக்கரைக்குத் தூதனாக அனுப்புவோம். ஆயினும் படை கூடாது, பரிசில் கூடாது, புதிய உடன்படிக்கையும் கூடாது. பரிவாரமும் வேண்டுவதில்லை. அறிவுள்ளவனுக்குத் துணை எதற்கு? வெறுங்கையோடு திரும்பினால், இந்த அவைக்குள் அவன் மீண்டும் வரவேண்டியதில்லை."

இதில் ஒரு சூழ்ச்சி இருந்தது. இரு நாடுகளுக்கும் பொதுவான பழைய வழக்கம் ஒன்று உண்டு. தூதர் அவையில் வந்து நின்றதும் அரசர் முதலில் கேட்கும் கேள்வி, "தங்கள் பரிவாரம் எங்கே?" என்பதாகும். தூதர் யார் யாரைத் தம் பரிவாரம் என்று கூறுகிறாரோ, அவர்களைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, பசியோடு அனுப்பவும் கூடாது. பரிவாரம் இல்லாமல் வந்தவனையோ தூதனாகவே கருத மாட்டார்கள். அவையில் நகைத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். விடங்கன் அவ்வாறு நகைக்கப்பட வேண்டும் என்பதே அமைச்சரின் விருப்பம்.

விடங்கன் வீட்டிற்குச் சென்றபோது, அவன் மனைவி அலர்மேல் அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். சென்ற ஐப்பசியில் அக்கரையில் ஒதுங்கிய படகில் அவளுடைய தம்பி கடம்பனும் இருந்தான்.

"ஊரே பேசுது. அக்கரைக்குப் போறீங்களாமே?"

"ஆமா. தனியாத்தான் போறேன். அமைச்சர் ரொம்ப அக்கறையா அனுப்பி வைக்கிறாரு."

"சபையில நூறு பேரச் சிரிக்க வைக்கிறீங்க. எந் தம்பி கால்ல கெடக்கிற விலங்கக் கழட்டுறதுக்கு ஒரு வழி சொல்லத் தெரியலயே ஒங்களுக்கு."

அவள் கேட்டதில் தவறில்லை. அந்த அவையில் அவன் எத்தனையோ முறை கடம்பனைப் பற்றிப் பேச வாய் திறந்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் அரசர் அதை விகடத்தின் தொடக்கம் என்று எண்ணி முன்கூட்டியே சிரித்துவிட்டார். படகில் ஏறிய பின்னும் விடங்கன் அதையே நினைத்துக்கொண்டிருந்தான். அக்கரை நெருங்கியபோது, கரையோரத்தில் காளவாய்ப் புகை தெரிந்தது. அதை நெடுநேரம் பார்த்தான். பிறகு தலைப்பாகையை நேராகக் கட்டிக்கொண்டான்.

அக்கரை அவை நிறைந்திருந்தது. தூதன் தனியே வந்திருக்கிறான் என்னும் செய்தி முன்பே பரவியிருந்ததால், எல்லாரும் சிரிப்பதற்கு ஆயத்தமாக அமர்ந்திருந்தனர். அக்கரை அரசர் வழக்கப்படி கேட்டார்.

"தூதரே, தங்கள் பரிவாரம் எங்கே?"

"எனக்கு முன்னரே வந்துவிட்டது, மன்னா. தங்கள் சுண்ணாம்புக் காளவாயில் தங்கியிருக்கிறது" என்றான் விடங்கன்.

சிரிக்கத் தொடங்கிய சிலர் பாதியில் நிறுத்தினர்.

"அவர்கள் கைதிகள்" என்றார் அரசர்.

"அப்படியா? எனக்கு அது தெரியாது. கடம்பன் என் குடை பிடிப்பவன். மற்றவர்களுள் ஒருவன் வெற்றிலை மடித்துக் கொடுப்பவன், ஒருவன் விசிறுபவன், ஒருவன் என் செருப்பைக் காப்பவன். மீதியுள்ளோர் நான் பேசும்போது தலையசைப்பவர்கள். காளவாயில் உள்ள எங்கள் கரை மனிதர் அனைவரும் என் பரிவாரமே. வழக்கப்படி அறிவித்துவிட்டேன்."

அக்கரை அமைச்சர் ஒருவர் பொறுக்காமல் எழுந்தார். "படகோட்டி எப்படிக் குடை பிடிப்பான்? இதனை விசாரிக்க வேண்டும், மன்னா."

"தாராளமாக விசாரிக்கலாம்" என்றான் விடங்கன். "சென்ற ஆண்டு தங்கள் தூதர் எங்கள் நாட்டிற்கு வந்தார். அவருடைய நாவிதர் என்று வந்தவருக்குக் கத்தி பிடிக்கவே தெரியவில்லை. மிளகு மட்டும் மூட்டை மூட்டையாக விற்றார். சமையற்காரர் என்று வந்தவர் எங்கள் சத்திரத்தில்தான் உண்டார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. தூதர் சொன்னால் சரி என்பதுதானே வழக்கம்? இனி விசாரிப்பது என்று முடிவு செய்தால், இரண்டு கரையிலும் விசாரிப்போம்."

மிளகு விற்ற அந்த நாவிதர், அதே அவையில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தார். அவர் தம் கால் விரல்களைப் பார்க்கத் தொடங்கினார். அக்கரை அரசர் அவரைப் பார்த்தார். தம் அமைச்சரைப் பார்த்தார். பின்னர்க் காவலரை அழைத்து, காளவாயில் உள்ளவர்களின் விலங்குகளைத் தறித்து, அவர்களை அழைத்துவரச் சொன்னார்.

சுண்ணாம்புத் தூளோடு வந்து நின்ற கடம்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அத்தான், என்ன நடக்குது?" என்று மெல்லக் கேட்டான்.

"நீ எனக்குக் கொடை பிடிக்கிறவன். கைய ஒசத்திப் பிடி, மச்சான்."

"கொடை எங்க?"

"அது வரும். நீ மொதல்ல கைய ஒசத்து."

கடம்பன் வெறுங்கையை உயர்த்தினான். விலங்கு அழுத்திய காலோ இன்னும் நேராக நிற்கவில்லை. அதைக் கண்ட அக்கரை அரசர், அனைவருக்கும் இலை போடச் சொன்னார். உணவு முடிந்ததும் விடங்கனை அருகில் அழைத்து, "எம் மக்களும் உங்கள் உப்பளத்தில் கிடக்கின்றனர், தூதரே" என்றார்.

"அறிவேன், மன்னா. தங்கள் தூதரும் ஒருமுறை தனியே வந்து பார்க்கலாம்."

விடங்கன் படகோட்டிகளோடு இக்கரை அவைக்குள் நுழைந்தபோது, சோமதேவரின் முகம் வெளிறியது. அரசரோ ஆவலோடு முன்னே சாய்ந்தார். "நான் கேட்ட காலம் எங்கே?"

"இதோ, மன்னா. வேற்று நாட்டில் கட்டவிழ்க்கப்பட்டுத் திரும்பிய மனிதர்கள். தாங்கள் காண விரும்பியது இதுதான். சற்று இளைத்திருக்கிறது. சோறு போட்டால் தேறிவிடும்."

"இது வஞ்சனை" என்றார் சோமதேவர். "பொய்ப் பரிவாரம் காட்டி நம் நாட்டின் மானத்தைக் கெடுத்துவிட்டான். இவனை விசாரிக்க வேண்டும்."

அப்போது வாயிற்காவலன் உள்ளே வந்து வணங்கினான். "மன்னா, அக்கரைத் தூதர் வந்திருக்கிறார்."

"எத்தனை பேருடன்?"

"தனியாகத்தான் வந்திருக்கிறார்."

சோமதேவர் அமர்ந்துவிட்டார். அக்கரைத் தூதர் நடந்து வந்து, அவையின் நடுவில் நின்றார். அரசர் வழக்கமான கேள்வியைக் கேட்க வாய் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். விடங்கனைப் பார்த்தார். அவன் மேற்கூரையில் ஏதோ ஓவியத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"அமைச்சரே, இன்று கேள்வியை நீரே கேளும்" என்றார் அரசர்.

சோமதேவர் எழுந்தார். தொண்டையைக் கனைத்தார். வேறு வழியின்றி, "தூதரே, தங்கள் பரிவாரம் எங்கே?" என்றார்.

"தங்களுக்குத் தெரியாததா, ஐயா?" என்றார் தூதர்.

அரசர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும் வரையில் சிரித்தார். அன்று மாலைக்குள் உப்பளங்கள் வெறுமையாயின. விடங்கனுக்கு முத்துக்கள் தொங்கும் வெண்குடை ஒன்று பரிசாகக் கிடைத்தது. கடம்பன் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வீடு வரை நடந்தான். தெருவில் நின்ற அலர்மேல் குடையைப் பார்க்கவில்லை, தம்பியின் கால்களையே பார்த்தாள்.

அதற்குப் பின், இரு கரைகளிலும் எந்தப் படகு ஒதுங்கினாலும் காவலர் கட்டுவதற்கு முன், "யாருடைய பரிவாரம்?" என்று கேட்பது வழக்கமாயிற்று. எந்த நாட்டினராயினும், எந்த மொழி பேசுவோராயினும், வந்தவர்கள் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். அந்தப் பெயரை மட்டும் எங்கோ கேட்டு வைத்திருந்தார்கள். "எனக்கும் இல்லாத பெரிய பரிவாரம் இந்த விகடனுக்கு இருக்கிறது" என்று கனகவர்மர் அவ்வப்போது சொல்லிச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே, புதிதாக வந்தவர்களுக்கு இலை போடச் சொல்வார்.