கொம்பன் சுறாவின் தலை

அந்தக் காலத்தில் கடலில் இருந்தவையும் கரையில் இருந்தவையும் ஒரே பாஷை பேசின. தாயைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் அப்போது குரங்குக் குட்டிகளுக்கு இல்லை. தாய் ஒரு கிளையில் உட்கார வைத்துவிட்டுப் போனால், அவள் வரும்வரை குட்டி அங்கேயே இருக்க வேண்டும்.

வேலாயி என்ற குரங்கு ஒருநாள் தன் குட்டியைக் கடலோரப் புன்னைக் கிளையில் விட்டுவிட்டு நாவல்பழம் பறிக்கப் போனாள். திடீரென்று காற்று அடித்தது. கிளை முறிந்து, குட்டியோடு கடலில் விழுந்து, அலையோடு உள்ளே போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து முத்திருளன் என்ற சுறா அந்தப் பக்கம் வந்தான். பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்தான். அவனுடைய கூரான, வழுவழுப்பான முகத்துக்கு அந்தக் கடலிலேயே நல்ல பேர். அன்று அதை மணலில் தேய்த்துத் தேய்த்து இன்னும் மினுக்கியிருந்தான். அப்படியும் பெண்ணுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ என்று வழியில் இன்னொரு தரம் தேய்த்துக்கொண்டான்.

"தம்பி! மாப்பிள்ளைத் தம்பி! எம்புள்ளையக் கொண்டாந்து குடுத்துட்டுப் போப்பா!" என்று, சத்தம் கேட்டு ஓடிவந்த வேலாயி கரையில் குதித்தாள்.

"நல்ல நேரம் போயிடும் அக்கா..." என்று ஆரம்பித்தவன், கிளை மூழ்குவதைப் பார்த்ததும் பாய்ந்துபோய்க் குட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டான்.

மினுக்கிய தலையாயிற்றே, குட்டி வழுக்கி விழுந்தது. மறுபடி ஏற்றினான், மறுபடி விழுந்தது. அடுத்த முறை அது அவன் கண்ணோரங்களை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பற்றிக்கொண்டது.

"ஐயோ அக்கா, மூஞ்சி பிய்யுது! கொஞ்சம் தளத்தச் சொல்லுங்க!"

"தளத்துனா விழுந்துருமேப்பா!"

பெரிய அலை ஒன்று எழும்பி வந்தது. ஒரு உதறு உதறினால் முகம் தப்பிவிடும். முத்திருளன் ஒரு கணம் தயங்கினான். பிறகு, "நல்லா இழுத்துப் புடிடா, விட்டுடாத" என்றான்.

குட்டி இழுத்த இழுப்பில் தலை இரண்டு பக்கமும் நீண்டது. கண்கள் ஆளுக்கொரு நுனிக்குப் போய்விட்டன. கரை சேர்ந்ததும் குட்டி தாவி, தாயின் வயிற்றில் ஒட்டிக்கொண்டது. வேலாயி அவனைப் பார்த்து அழுதாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "கோவிச்சுக்காத தம்பி, காவடி தூக்குன மாதிரி இருக்க!"

பெண் வீட்டில் எல்லோரும் நீந்திவந்து அவனை எட்டிப் பார்த்தார்கள். பெண்ணின் அத்தைதான், "இது மூஞ்சியா, துடுப்பா?" என்றாள். முத்திருளன் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்த்தான்.

"இருங்க" என்றாள் மணப்பெண் மீனாள். அவனை ஒரு சுற்று சுற்றி வந்தாள். அவள் எந்தப் பக்கம் போனாலும் அவன் கண் கூடவே வந்தது.

"புள்ளைங்க எந்தப் பக்கம் ஓடினாலும் இவரே பாத்துக்குவாரு அத்தை. பேசி முடிங்க!"

அன்று முதல்தான் அவர்கள் வம்சத்தில் பிறக்கும் சுறாக்களெல்லாம் இருபுறமும் கொம்பு போல நீண்ட தலையோடு பிறந்து, கொம்பன் என்று பேர் வாங்கின. குரங்குக் குட்டிகளும், தாய் எந்த மரத்துக்குத் தாவினாலும், அவள் வயிற்றைப் பிடித்த பிடியை விடுவதே இல்லை.