எதுவும் வேண்டாம் என்ற அழுங்கு

மலையடிவாரக் காட்டில், ஓடையை ஒட்டி ஒரு மேடு இருந்தது. அந்த மேட்டில் ஒரு வளை. அந்த வளையில் வேலம்மா என்னும் முள்ளம்பன்றி குடியிருந்தது.

வேலம்மாவுக்கு மனசில் பட்டதுதான் வாயில் வரும். பிடித்தால் பிடிக்கும் என்று சொல்லும். பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடும். கோபம் வந்தால் அதன் முதுகு முட்கள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும்.

அதே காட்டில் நாச்சி என்னும் அழுங்கும் இருந்தது. உடம்பு முழுக்கச் செதில், வாய்க்குள் நீளமான நாக்கு. எறும்பும் கறையானும்தான் அதற்கு ஆகாரம். கூச்சம் வந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும். நாச்சிக்கு அடிக்கடி கூச்சம் வரும்.

கோடையில் ஒரு நாள் பாறை ஒன்று சரிந்து வேலம்மாவின் வளை வாசலை அடைத்துவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட வேலம்மா கத்தோ கத்து என்று கத்தியது. அந்த வழியாகப் போன நாச்சிதான் பக்கவாட்டில் மண்ணைத் தோண்டி வழி செய்தது. வேலம்மா வெளியே வந்து நன்றி சொல்வதற்குள், "பரவாயில்லீங்க அக்கா" என்று முனகிவிட்டு ஓடியே போய்விட்டது.

அந்த நன்றி வேலம்மாவின் நெஞ்சிலேயே கிடந்தது. மழைக்காலம் தொடங்கிய சமயம், ஒரு புற்றுக்குப் பக்கத்தில் நாச்சியைப் பார்த்தது.

"நாச்சி! நாளைக்கு வெயில் தாழ்ந்ததும் நம்ம வீட்டுக்கு வா. பெரிய விருந்தெல்லாம் இல்லை. நீயும் நானும் ரெண்டே பேர். ஆளுக்கு ஒரு குவளை தேநீர் குடிச்சுக்கிட்டு நிம்மதியாப் பேசலாம்."

"எதுக்குங்க அக்கா வீண் சிரமம்?"

"சிரமம்னா கூப்பிடுவேனா? வருவியா, மாட்டியா?"

"உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிங்க."

"எனக்குத் தோணித்தானே கூப்பிடுறேன்!" என்றது வேலம்மா. அப்போதே ஒரு முள் எழுந்து நின்றது.

மறுநாள் வேலம்மா வீட்டைப் பெருக்கியது. கோரைப் பாயை உதறி விரித்தது. தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் பறித்துக் காயவைத்திருந்த இலையை எடுத்தது. இஞ்சி தட்டியது. தேன் எடுத்து வைத்தது. தனக்குக் கொஞ்சம் கிழங்கு வேகவைத்துக்கொண்டது. நாச்சிக்காக ஒரு தட்டு நிறைய ஈசல் வறுத்தது. முள்ளம்பன்றி ஈசல் தின்னாது. ஆனாலும் முதல் மழை விட்ட மாலையில் கால் கடுக்க நின்று, நாச்சிக்கென்றே பிடித்துச் சேர்த்த ஈசல் அது.

வெயில் தாழ்ந்தது. நாச்சி வரவில்லை. தேநீர் கொதித்தது. நாச்சி வரவில்லை. தேநீர் ஆறியது. இன்னும் வரவில்லை.

'வரமாட்டேன்னு நேற்றே சொல்லித் தொலைச்சிருக்கலாமே' என்று முணுமுணுத்தபடி வேலம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தது. புதருக்குப் பக்கத்தில் நாச்சி நின்றுகொண்டிருந்தது.

"எப்போ வந்தே?"

"அப்பவே வந்துட்டேனுங்க அக்கா."

"அப்புறம் ஏன் கூப்பிடலை?"

"நீங்க வேலையா இருப்பீங்களோன்னு..."

"வேலையாத்தான் இருந்தேன்! உனக்காகக் காத்துக்கிட்டிருக்கிற வேலை! உள்ளே வா!"

நாச்சி உள்ளே வந்தது. பாய் அத்தனை அகலமாக விரிந்திருக்க, அதன் ஓரத்தில் வால் நுனியை மட்டும் வைத்து உட்கார்ந்தது. வேலம்மா தேநீரை மறுபடி சுட வைத்தது.

"தேன் ஊத்தட்டுமா, வேண்டாமா?"

"எப்படி இருந்தாலும் சரிங்க."

"உனக்கு எது பிடிக்கும்?"

"உங்களுக்கு எது வசதியோ அதுங்க."

"குடிக்கப் போறது நீ! என் வசதி எதுக்கு?"

நாச்சி பாயைப் பார்த்தது. வேலம்மா தேனை ஊற்றிக் கலக்கி, மூங்கில் குவளையை நீட்டியது. நாச்சி நாக்கை நீட்டி ஒரு வாய் உறிஞ்சியது. அதன் முகம் சுருங்கிப் போனது.

"இனிப்பு பிடிக்கலையா?"

"ரொம்ப நல்லா இருக்குங்க."

"சூடு அதிகமா?"

"இல்லீங்க. அளவாத்தான் இருக்கு." இதைச் சொல்லும்போது சுட்டுப்போன நாக்கு வாய்க்குள் போகாமல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

வேலம்மாவின் முதுகில் மேலும் நாலைந்து முட்கள் எழுந்தன. அது மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, ஈசல் தட்டை எடுத்து முன்னால் வைத்தது. வறுத்த வாசனை வளை முழுக்கப் பரவியது.

"சாப்பிடு, நாச்சி."

"ஐயோ, வேண்டாமுங்க அக்கா. இப்பத்தான் சாப்பிட்டுட்டு வந்தேன்."

"கொஞ்சமா எடுத்துக்கோ."

"வயிறு நிறைஞ்சு கிடக்குதுங்க."

நாச்சி வளர்ந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது எதையாவது கொடுத்தால் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது முறை வற்புறுத்தினால் வாங்கிக்கொள்ளலாம். அதுதான் மரியாதை. அதனால் நாச்சி மூன்றாவது முறைக்காகக் காத்திருந்தது.

வேலம்மாவின் வழக்கம் வேறு. அதனிடம் ஒருவர் இரண்டு முறை வேண்டாம் என்று சொன்னால், வேண்டாம் என்றுதான் பொருள். தட்டை எடுத்து அலமாரி போலிருந்த பாறை இடுக்கில் வைத்துவிட்டது. நாச்சியின் கண்கள் தட்டோடு போய்த் தட்டோடு நின்றன. அதன் வயிறு 'கர்ர்' என்று சத்தம் போட்டது.

"என்ன சத்தம்?" என்றது வேலம்மா.

"இடிங்க அக்கா, இடி."

அந்த நேரம் பார்த்து வெளியே நிஜமாகவே இடி இடித்தது. மலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. நாச்சி திடுக்கிட்டு வாசலைப் பார்த்தது.

"என்ன? போகணுமா?"

"இல்லீங்க, இல்லீங்க."

"அப்போ ஏன் வாசலையே பார்க்கிறே? ஏதாவது கஷ்டமா?"

"ஒரு கஷ்டமும் இல்லீங்க. எல்லாம் நல்லா இருக்கு."

சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. நாச்சி வாசலைப் பார்த்தது. குவளையைப் பார்த்தது. மறுபடி வாசலைப் பார்த்தது. அதன் கால்கள் நடுங்கின.

"நாச்சி, குளிருதா?"

"இல்லீங்க."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேனுங்க."

"என் வீட்டுக்கு வந்தது பிடிக்கலையா?"

"ஐயையோ! அப்படியெல்லாம் இல்லீங்க!" என்று சொல்லிவிட்டு நாச்சி சட்டென்று பந்தாகச் சுருண்டுகொண்டது. பாயின் ஓரத்தில் செதில் உருண்டை ஒன்றுதான் கிடந்தது.

அவ்வளவுதான். வேலம்மாவின் முட்கள் அத்தனையும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றன!

"போதும்டி, போதும்! இனிப்பான்னு கேட்டா உங்க வசதிங்கிறே. சூடான்னு கேட்டா அளவுங்கிறே. சாப்பிடுன்னு சொன்னா நிறைஞ்சு கிடக்குங்கிறே. உன் மனசுக்குள்ள என்ன இருக்குன்னு நான் எட்டியா பார்க்க முடியும்? ரெண்டே பேர் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறோம். அதில் ஒருத்தி வாயைத் திறக்க மாட்டேங்கிறா! மிச்சம் இருக்கிற நான் யாரோட பேசுறது? இந்தப் பாயோடயா? வேணும்னா வேணும்னு சொல்லு! பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லு! திட்டுறதுன்னாலும் திட்டிட்டுப் போ! இப்படி என்னைக் கொல்லாதே!"

வளை எதிரொலித்து அடங்கியது. உருண்டைக்குள்ளிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"குட்டி..."

"என்னது?"

"என் குட்டிங்க அக்கா. பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. ஓடைக்கரையில, பொந்து விழுந்த ஒரு கட்டைக்குள்ள தூங்க வெச்சுட்டு வந்தேன். மழை வருது. ஓடையில தண்ணி ஏறும்..."

"கட்டைக்குள்ளயா? உன் வளை என்ன ஆச்சு?"

"யானை ஒண்ணு மேலே காலை வெச்சுட்டுதுங்க. இடிஞ்சு போச்சு. அப்போலேர்ந்து கட்டையிலதான் இருக்கோம்."

"இதை ஏன் வந்தவுடனே சொல்லலை? குட்டியை ஏன் கூட்டிக்கிட்டு வரலை?"

நாச்சி தலையை மட்டும் வெளியே நீட்டியது. அதன் கண்கள் நிறைந்திருந்தன.

"ரெண்டே பேர்னு சொன்னீங்களே அக்கா. மூணாவதா ஒரு உயிரைக் கூட்டிக்கிட்டு வந்தா உங்களுக்குச் சிரமமா இருக்காதுங்களா?"

வேலம்மாவிடம் திட்டுவதற்கு ஆயிரம் வார்த்தை இருந்தது. திட்டத்தான் நேரமில்லை. "எழுந்திரு!" என்று ஒரே சத்தம் போட்டுவிட்டு வாசலைத் தாண்டிப் பாய்ந்தது. நாச்சி பின்னாலேயே ஓடியது.

மேட்டிலிருந்து இறங்குவதற்குள் இரண்டும் நனைந்துவிட்டன. ஓடை செம்மண் நிறத்தில் பொங்கி வந்துகொண்டிருந்தது. கரையில் இருந்த கட்டை இப்போது கரையில் இல்லை. தண்ணீர் அதைத் தூக்கிப் போய், சற்றுத் தள்ளி இரண்டு பாறைகளுக்கு நடுவே செருகியிருந்தது. ஒவ்வொரு அலைக்கும் கட்டை ஆடியது. உள்ளேயிருந்து 'கீச் கீச்' என்று குரல் வந்தது.

நாச்சி கரையிலேயே உறைந்து நின்றது.

"நான் என்ன செய்யணும்? சீக்கிரம் சொல்லு! உன் குட்டி எந்தப் பக்கம் இருக்குன்னு உனக்குத்தான் தெரியும்!" என்று கத்தியது வேலம்மா.

"உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா..."

"நாச்சி!!"

கட்டையின் ஒரு முனை பாறையிலிருந்து நழுவியது. அதைப் பார்த்ததும் நாச்சியின் தொண்டையிலிருந்து இதுவரை யாரும் கேட்டிராத ஒரு குரல் கிளம்பியது.

"அந்தப் பெரிய முனையைப் பிடிங்க அக்கா! பல்லால கடிச்சுப் பிடிங்க! நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க! நான் உள்ளே போறேன்!"

வேலம்மா தண்ணீரில் குதித்தது. பாறையில் கால்களை முட்டுக்கொடுத்து, கட்டையைக் கடித்துப் பிடித்தது. தண்ணீர் முகத்தில் அடித்தது. மூச்சு முட்டியது. நாச்சி நகங்களை ஊன்றி ஊன்றிக் கட்டை மேல் ஏறிப் பொந்துக்குள் நுழைந்தது. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. வேலம்மாவின் தாடை கழன்றுவிடும் போலிருந்தது.

பிறகு நாச்சியின் மூக்கு வெளியே வந்தது. அதன் வாலைக் கட்டிக்கொண்டு, வெளிறிய செதிலோடு குட்டியும் வந்தது. நாச்சி பாறைக்குத் தாவி, பாறையிலிருந்து கரைக்குத் தாவியது.

"விடுங்க அக்கா! இப்போ விடுங்க!"

வேலம்மா விட்டது. மறு நொடி கட்டை சுழன்று சுழன்று வெள்ளத்தோடு போய்விட்டது.

மூன்றும் நடுங்கிக்கொண்டே வளைக்குத் திரும்பின. வேலம்மா அடுப்பைக் கிளறி விறகு வைத்தது. நாச்சி குட்டியைச் சூட்டுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தது. பிறகு யாரும் சொல்லாமலே பாறை இடுக்கிலிருந்து தட்டை எடுத்து, பாயின் நடுவில் நன்றாக உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தது. வேலம்மா அதைப் பார்த்தபடி இருந்தது.

"உன் வயிறு கத்தினது எனக்கும்தான் கேட்டுச்சு. நீ வாயால சொன்னதை மட்டும் கணக்கில் எடுத்தேன். தப்புத்தான்" என்றது மெதுவாக.

நாச்சி தின்பதை நிறுத்தியது. ஏதோ சொல்ல வந்து விழுங்கியது. மறுபடி முயன்றது.

"அக்கா, எங்களுக்கு இருக்க இடம் இல்லை. மழைக்காலம் முடியற வரைக்கும் இங்கே தங்கணும்."

"தாராளமா! உள் அறை சும்மாதான் கிடக்கு. ஆனா ஒண்ணு. நான் பகல்ல தூங்குவேன். அப்போ சத்தமே இருக்கக் கூடாது."

"அது முடியாதுங்க அக்கா. குட்டி அழும்."

வேலம்மாவின் முள் ஒன்று எழுந்தது. நாச்சி அதைப் பார்த்தது. ஆனால் சுருண்டுகொள்ளவில்லை.

"குட்டி அழுதா நான் வெளியே தூக்கிக்கிட்டுப் போறேன். மழை பெய்தா மட்டும் போக மாட்டேன். அன்னைக்கு நீங்கதான் பொறுத்துக்கணும்" என்றது.

வேலம்மா அதை ஒரு நிமிடம் முறைத்தது. பிறகு முள் தானாகவே படுத்துக்கொண்டது.

"சரி. மழை பெய்தா பொறுத்துக்கிறேன்."

நம் மேல் அன்பு வைத்தவர்களிடம் தேவையை மறைத்து "வேண்டாம்" என்பது மரியாதை ஆகாது. அது அவர்களையும் வதைக்கும், நம்மையும் ஆபத்தில் தள்ளும்.