கயிறு பிடித்தவர்

குன்றின்மேல் இருந்த மடத்தில் நாச்சிமுத்து விரதம் இருந்தார். வெறும் தண்ணீர்தான். மாதம் முழுக்க இருப்பதாக எல்லோர் முன்னும் சொல்லியிருந்தார். முன்பு பஞ்சாலையில் மூட்டை தூக்கியவர். குருவைவிட வயதில் மூத்தவர். மலையேறி வந்தவர்கள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

எழுந்தால் கண் இருட்டியது. படுத்தால் நெஞ்சு படபடத்தது. அதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"போதுங்க" என்று குரு மருதாசலம் சொல்லிப் பார்த்தார். நாச்சிமுத்து கேட்கவில்லை.

"உடம்பு பஞ்சாட்டம் இருக்குதுங்க சாமி. இன்னும் எத்தனை நாள் இருந்தா மனசு அடங்கும்?"

"சொல்றேன். முதல்ல கிணத்துல தூர் எடுக்கணும். நான் இறங்குறேன், நீங்க கயிறு பிடிங்க."

சமையல்கட்டிலிருந்து பூவாத்தாள் எட்டிப் பார்த்தாள். "அவரையா? அவரைப் பிடிக்கவே ரெண்டு ஆள் வேணுமே!"

"மூட்டை தூக்கின கை அம்மிணி இது" என்றார் நாச்சிமுத்து.

கோடையில் வற்றிய கிணறு. அடியில் பாறை. கும்பிட வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். கயிற்றில் கட்டிய பலகையில் குரு உட்கார்ந்தார். ஒரு காலைக் கிணற்றுக்குள் தொங்கவிட்டார்.

நாச்சிமுத்து கயிற்றை இறுக்கினார். கிணறு ஒருமுறை சுழன்று நின்றது. குரு இன்னொரு காலையும் தூக்கினார்.

"இறங்காதீங்க சாமி!"

"ஏனுங்க?"

இத்தனை பேர் பார்க்கிறார்கள். நாச்சிமுத்து கயிற்றை விடாமலே சொன்னார்.

"என் கையை நம்பாதீங்க. கண்ணு இருட்டுது. நாலஞ்சு நாளாவே இருட்டுது."

குரு பலகையைவிட்டு எழுந்தார். "மனசு எப்ப அடங்கும்னு கேட்டீங்களே. இப்ப அடங்கிருச்சு."

கயிற்றின் மறுமுனை வேப்பமரத்தில் கட்டியிருந்ததை நாச்சிமுத்து அப்போதுதான் பார்த்தார்.

"சாமிக்கு உங்க மேல நம்பிக்கை. எனக்கு இல்லை. அதான் கட்டினேன்" என்றாள் பூவாத்தாள்.

நாச்சிமுத்து சிரித்துவிட்டார். கூடவே பசியும் வந்தது. யாரோ படைத்துவிட்டுப் போன சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தை மடியில் இழுத்துக்கொண்டார்.

குரு அதன்மேல் கையை வைத்தார். அரை டம்ளர் நீர்க்கஞ்சியை நீட்டினார்.

"இப்போதைக்கு இதுதான். அடிவாரத்துக்கு ஆள் போயிருக்கு. டாக்டர் வந்து பார்த்துட்டு அடுத்ததைச் சொல்லட்டும்."

"இத்தனை நாள் பட்டினி கிடந்தவனுக்கு இத்துனூண்டா? பொங்கல் என்னை என்ன பண்ணிரும் சாமி?"

"கிணத்துக்குள்ள ஆளை இறக்கும்போது கயிற்றை எப்படி விடுவீங்க?"

"கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

"ஆழமான கிணறுன்னா?"

நாச்சிமுத்து பொங்கலைத் தள்ளிவைத்தார். கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.