கடைமடை ஏக்கர்

எங்கள் ஏரியின் மதகைத் திறக்கிறவருக்கு நிலம் கடைமடையில்தான் இருக்க வேண்டும். ஊரில் எல்லார் வயலும் நனைந்த பிறகுதான் அவர் வயல் நனையும். அதனால் தண்ணீர்ச் சண்டையில் எங்கள் ஊரில் ஒரு மண்டை உடைந்ததில்லை. அசலூர்க்காரர்களிடம் இதைச் சொல்லும்போது எங்கள் கை தானாக மீசைக்குப் போய்விடும்.

மதகைத் திறக்கிறவருக்கு ஊர் கொடுக்கும் ஏரி மண்வெட்டி இருபத்தெட்டு வருடமாகச் சடையாண்டியிடம் இருந்தது. கடைமடையில் அவருக்கு ஒரே ஒரு ஏக்கர்.

தேர்தல் வந்தது. சர்க்கரை ஆலை முதலாளி பொன்னுரங்கம் வேட்பாளராக நின்றார். தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் நாற்பது ஏக்கர் வைத்திருப்பவர். மூன்றே வருடத்தில் கடைமடையிலும் முப்போகம் விளைய வைப்பதாகவும், வீட்டுக்கு வீடு வருமானம் இரட்டிப்பாகும் என்றும் சொன்னார். பதிலுக்கு ஒன்றுதான் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சடையாண்டி மேடையேறி ஏரி மண்வெட்டியை அவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் கடைமடையின் இருநூறு வீட்டு ஓட்டும் அந்தப் பக்கம் சாயும். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

சடையாண்டி யோசனை கேட்க ஏரிக்கரை மடத்துக்குப் போனார். அங்கே இருந்த மெய்யம்மை அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் சடையாண்டிக்கு அவர்தான் குரு.

"அவரை நம்பலாமாம்மா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"இவ்வளவு சம்பாதிச்சவருக்கு நம்மளயும் சம்பாதிக்க வைக்கத் தெரியாதா? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்."

"சட்டி நிறைய இருக்கு, சரி. அகப்பை யார் இலைப் பக்கம் திரும்பும்?"

மெய்யம்மை சடையாண்டியை உட்காரச் சொல்லி, மேடையில் கேட்க வேண்டிய ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுத்தார். பெரிய மனிதரிடம் அதை எப்படிக் கேட்பது என்று சடையாண்டி தயங்கினார். மண்வெட்டியைக் கேட்க அவர் தயங்கவில்லையே என்றார் மெய்யம்மை.

ஞாயிற்றுக்கிழமை ஊரே திரண்டிருந்தது. சடையாண்டி மேடையேறினார். பொன்னுரங்கம் மாலையும் கழுத்துமாக இரண்டு கையையும் நீட்டினார். சடையாண்டி மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"ஐயா, மூணு வருசத்துல முப்போகம் வெளையப்போற என் ஏக்கரை நீங்க வச்சுக்கங்க. தலைமடையில ஒங்க ஏக்கர் ஒண்ணை எனக்குக் குடுங்க. மூணு வருசத்துக்குத்தான். அப்புறம் மாத்திக்கலாம்."

ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் கேட்டது. பொன்னுரங்கம் சிரித்து, ஒரு கையால் அவர் முதுகில் தட்டினார்.

"தண்ணி கடைசியா வர்ற அந்த நிலத்தை வச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது?"

அதுவும் எல்லாருக்கும் கேட்டது. முன்வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்த சிலர் நிறுத்திவிட்டார்கள். மறு கை நீட்டியபடியே இருக்க, சடையாண்டி மண்வெட்டியோடு கீழே இறங்கினார்.

இறங்கிவிட்டாரே தவிர, மனசு ஆறவில்லை. வீடு தேடி வந்த லட்சுமியை விரட்டிவிட்டாயே என்று கடைத்தெருவில் இரண்டு பேர் ஏசினார்கள். நேரே மடத்துக்கு வந்து மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்தார்.

"ஊருக்கு வர இருந்ததை நான் கெடுத்துட்டேனாம்மா? ஆயிரம் இருந்தாலும் அவர் குடுக்கிற இடத்துல இருக்கிறவர். நாம கடைமடைக்காரங்க."

"கேட்டதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"அந்த நிலத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு கேட்டார்."

"இருபத்தெட்டு வருசமா நீங்க என்ன பண்ணினீங்க?"

"ஊருக்கெல்லாம் தண்ணி விட்டேன். எல்லாம் பாஞ்சு முடிஞ்சப்புறம் அதுக்கும் விட்டேன்."

"அவரோட நாற்பது ஏக்கருக்கு?"

சடையாண்டி நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லுங்க. அவருக்கு இத்தனை வருசமாத் தண்ணி குடுத்தது யாரு?"

சடையாண்டி எழுந்து மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, கடைத்தெரு வழியாகவே வீட்டுக்கு நடந்தார்.