சின்னவர் உட்கார்ந்த கதை

ஓடைக்கரைப்பட்டியில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூத்தவன் சடையாண்டி, இரண்டாமவன் மொக்கைச்சாமி, இளையவன் வெள்ளையப்பன். மூவரும் தங்கமானவர்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்துவிடுவார்கள். அதுதான் சிக்கல்.

வெள்ளையப்பனைக் கட்டிக்கொண்டு தெய்வானை அந்த வீட்டுக்கு வந்த மறுநாளே அது தெரிந்துபோயிற்று. "அடுப்புல பால் இருக்கு, பொங்குதான்னு பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது அடுப்பு அணைந்து கிடந்தது, பால் வாசல்வரை ஓடிக்கொண்டிருந்தது. மூவரும் பயபக்தியோடு நின்றிருந்தார்கள்.

"பொங்குச்சும்மா," என்றான் சடையாண்டி. "ஆளுக்கு ஒரு பக்கமா நின்னு நல்லாப் பாத்தோம்."

இப்போது அவளுக்கு ஓர் ஆண் குழந்தை. ஆறு மாதம் முடிந்திருந்தது. இளமாறன் என்று பெயர் வைத்திருந்தாலும், வீட்டில் எல்லாருக்கும் இளையவர் என்பதால் பெரியப்பன்மார் இருவரும் "சின்னவர்" என்றே மரியாதையாகக் கூப்பிடுவார்கள். சின்னவர் குப்புற விழுவார், சிரிப்பார், கால் கட்டைவிரலைச் சப்புவார். உட்கார மட்டும் இன்னும் வரவில்லை.

அன்று பக்கத்து ஊரில் தெய்வானையின் சேக்காளிக்குக் கல்யாணம். வெயிலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாமென்று வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். அந்த நேரம் பார்த்து, குழந்தையின் எடை பார்க்க நர்சம்மா வந்தார்.

"நர்சம்மா, பிள்ளையை எப்படி உட்காரப் பழக்கறதுன்னு இவங்ககிட்டச் சொல்லிட்டுப் போங்க. எனக்கு பஸ் வந்துரும்" என்றாள் தெய்வானை. பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "இங்க பாருங்க. தாலி கட்டினதும் ஓடியாந்திருவேன். அதுக்குள்ள ஏதாவது கூத்து நடந்துச்சு, பிள்ளையைத் தூக்கிட்டு எங்கப்பா வீட்டுக்குப் போயிருவேன். அவன் பள்ளிக்கூடம் போற வரைக்கும் அங்கதான்."

வெள்ளையப்பன் தூணைப் பிடித்துக்கொண்டான். பெரியப்பன்மார் இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். சின்னவர் இல்லாத வீட்டை அவர்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நர்சம்மாவுக்கு இன்னும் ஏழெட்டு வீடு பாக்கி. நின்றபடியே சொன்னார். "ஒண்ணும் கஷ்டமில்ல. கீழே விரிச்சு, சுத்தி தலையணை வைங்க. முதுகுக்கு சப்போர்ட் குடுங்க. கண்ணை எடுக்காமப் பாத்துக்கிட்டே இருங்க. தானா உட்காரும்."

அவர் போனதும் மூவரும் கூடிப் பேசினார்கள்.

"முதல்ல சுத்தி," என்றான் சடையாண்டி. மொக்கைச்சாமி தோப்பு வீட்டுக்கு ஓடிப்போய், ஆணி அடிக்கிற பெரிய சுத்தியைக் கொண்டுவந்தான்.

வெள்ளையப்பன் குறுக்கே வந்தான். "பச்சைப்பிள்ளைக்குச் சுத்தி எதுக்குண்ணே?"

"அடிக்கச் சொன்னாங்களா? வைக்கத்தானே சொன்னாங்க. படிச்சவங்க காரணமில்லாமச் சொல்ல மாட்டாங்க."

சுத்தியைத் துடைத்து, விபூதி பூசி, குழந்தைக்கு எட்டாத தூரத்தில் ஒரு மணையின்மேல் வைத்தார்கள். சின்னவர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"அடுத்து தலையணை. எத்தனை?"

"கணக்குச் சொல்லல."

"அப்ப இருக்கறதெல்லாம்."

வீட்டில் இருந்த தலையணைகள், மெத்தை, அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கியவை எல்லாம் சுற்றிலும் அடுக்கினார்கள். கோட்டைச் சுவர் எழும்பியது. நடுவில் விரிப்பின்மேல் சின்னவர் மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தால்தான் தெரிவார்.

மூன்றாவதுதான் குழப்பியது. "முதுகுக்கு சப்போர்ட் குடுக்கணுமாம். முதுகுக்கு யாருண்ணே எதிர்ப்பு?" என்றான் மொக்கைச்சாமி.

சடையாண்டி நெடுநேரம் யோசித்தான். "வயிறு. எப்பப் பாத்தாலும் குப்புற விழுறாருல்ல? வயித்துப் பக்கம் செல்வாக்கு அதிகமாயிருச்சு. நாம முதுகு பக்கம் நிக்கணும்."

தொண்டையைச் செருமிக்கொண்டு கையை உயர்த்தினான். "எங்கள் ஆதரவு!"

"முதுகுக்கே!" என்றார்கள் தம்பிகள்.

"ஊரின் ஆதரவு!"

"முதுகுக்கே!"

சின்னவருக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கெக்கெக்கென்று சிரித்தார். ஒரு பக்கமாகப் புரண்டு, கையை ஊன்றி லேசாக எழும்பியும்விட்டார். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மறுநொடி அப்படியே தலையணையில் சாய்ந்தார்.

"விட்டுட்டமே! நான் அந்த நேரம் கண்ணைச் சிமிட்டிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டான் வெள்ளையப்பன்.

"கண்ணை எடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல? சிமிட்டுறதும் எடுக்கறதும் ஒண்ணுதான்டா," என்றான் சடையாண்டி. "இனி யாரும் சிமிட்டப்படாது."

மூவரும் கோட்டையைச் சுற்றி நின்று விழித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கண் எரிந்தது. அப்புறம் கண்ணீர் திரண்டது. தாரை தாரையாகக் கன்னத்தில் வழிந்தது. ஒருவரும் இமைக்கவில்லை.

அந்தச் சமயம், கொடுத்த தலையணையைத் திரும்பக் கேட்க எதிர்வீட்டுச் செல்லக்கிளி வந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தடித்தடியாக மூன்று ஆண்பிள்ளைகள் குனிந்த தலையோடு அழுதுகொண்டிருந்தார்கள். குழந்தை அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. இவர்களுக்குக் கோயமுத்தூரில் இரண்டு சித்தப்பாக்கள் உண்டு. பெரியவர், சின்னவர் என்றுதான் ஊரில் சொல்வார்கள்.

"ஐயோ, என்னப்பா ஆச்சு? பெரியவருக்கு ஏதும்..."

"பெரியவர் இல்லக்கா, சின்னவர்," என்றான் மொக்கைச்சாமி, பார்வையைத் திருப்பாமல்.

"நல்லாத்தானே இருந்தாரு?"

"இப்பவரைக்கும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு. உட்காரப் போனாரு, அப்படியே சாஞ்சுட்டாரு."

செல்லக்கிளி மாரில் அடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் நாற்காலி போட்டுவிட்டார்கள். யாரோ பெரிய சம்பங்கி மாலையோடு வந்தார். துக்கம் விசாரிக்க ஒருவர் கோயமுத்தூருக்கே போன் போட்டார். எடுத்தது சின்னவர் சித்தப்பாதான். அவரும் அதே குடும்பம் அல்லவா? தான் போய்விட்டது தனக்கே தெரியாமல் போயிற்றே என்று அவரும் தேம்பத் தொடங்கிவிட்டார்.

இந்த நேரத்தில் தெய்வானை பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தாள். வாசலில் கூட்டம், நாற்காலி, மாலை. உள்ளே அழுகைச் சத்தம். தாம்பூலப் பை கையிலிருந்து நழுவித் தேங்காய் உருண்டது. "என் பிள்ளை..." என்று கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல், கொண்டுவந்தவர் தள்ளி நின்றபடியே அதைத் தலையணைக் கோட்டையின்மேல் சாத்தியிருந்தார். அதன் குஞ்சம் உள்பக்கமாகத் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. சின்னவர் அதைப் பார்த்தார். புரண்டார். ஒரு கையை ஊன்றினார். மறுகையால் குஞ்சத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்தார். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் எழும்பினார்.

தெய்வானை தலையணைகளை வாரி எறிந்தபோது, நடுவில் அவள் மகன் யார் உதவியும் இல்லாமல், முதுகு நிமிர்ந்து, குஞ்சத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அம்மாவைப் பார்த்ததும் வாயெல்லாம் எச்சில் வழியச் சிரித்தான்.

அவளும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையை அள்ளி எடுத்து அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். அப்பா வீட்டுக்குப் போவதாகச் சொன்னது அவளுக்கு நினைவிலேயே இல்லை. வெள்ளையப்பன் அப்போதுதான் கண்ணை மூடினான்.

நடந்ததைக் கேட்டுத் திட்ட அவளிடம் தெம்பு இல்லை. ஒன்று மட்டும் சொன்னாள். "உட்கார்ந்துட்டான்ல, இனி தவழ ஆரம்பிச்சிருவான். கையில கிடைச்சதை எல்லாம் வாயில போடுவான். தரையில கிடக்கறது எதுவானாலும் எடுத்துப் பரண்மேல வச்சிருங்க." சொல்லிவிட்டுப் பிள்ளையோடு கட்டிலில் சாய்ந்தாள். அசந்து தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது வீடு துடைத்த மாதிரி இருந்தது. பாய் இல்லை, குடம் இல்லை, செருப்பு இல்லை, அம்மிக்கல்கூட இல்லை. அண்ணாந்து பார்த்தாள். பரண் முழுக்கச் சாமான். இடுக்கில் கூரையை முட்டிக்கொண்டு மூன்று தலைகள். கூடவே ஏணியும்.

"நீங்க ஏன் மேல இருக்கீங்க?"

"நாங்க தரையிலதானம்மா படுத்துக் கிடந்தோம்," என்றான் சடையாண்டி.

தெய்வானை பெருமூச்சு விட்டாள். "சரி மாமா, முதல்ல அந்த ஏணியைக் கீழ விடுங்க. ஒவ்வொருத்தரா இறங்கலாம்."

மூவரும் கஷ்டப்பட்டு ஏணியை நகர்த்தி, சுவரில் இடிக்காமல், மெல்ல மெல்லக் கீழே விட்டார்கள். அது தரையைத் தொட்டது.

"அண்ணே! தரையில ஏணி கிடக்கு!" என்று அலறினான் மொக்கைச்சாமி.

"தூக்குடா மேல!" என்றான் சடையாண்டி.